ஓரா பாசி தின்னும், சாணியும் போடும்

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சார், மூணு அடி டேங்க்ல கடல் மீன் வச்சு எட்டு மாசம் ஆச்சு. ரெண்டு க்ளௌன், ஒரு டாம்செல் இருக்கு. கேன் தண்ணியிலதான் உப்பு கலந்து ஊத்தறேன். இப்போ கல்லெல்லாம் பச்சை முடி மாதிரி பாசி. கடைக்காரர் ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ் விடுங்க, பத்து நாள்ல மொட்டையடிச்சிடும்னு சொல்றார். வாங்கலாமா? விஷ மீன்னு வேற சொல்றாங்களே. நம்ம வேலூர் வெயிலுக்குத் தாங்குமா?"

முதலில் நேரான பதில். இந்தத் தொட்டிக்கு வாங்காதீர்கள். விஷம் பெரிய பிரச்சினை இல்லை, வெயிலையும் சமாளிக்கலாம். கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை, பாதி உண்மை. அந்த மீதிப் பாதியைத்தான் விளக்க வேண்டும்.

ஃபாக்ஸ்ஃபேஸ், ராபிட் ஃபிஷ் என்று கடையில் சொல்வதெல்லாம் நம் கடற்கரைக்காரர்களுக்குப் பழைய உறவுதான். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இந்தக் குடும்பத்து மீன்களுக்கு ஓரா என்று பேர். அங்கே குழம்புக்கே போகிறது. சிகானஸ் என்கிற ஒரே பேரினத்துக்குள் ஏறக்குறைய முப்பது வகைகள். சின்ன வாய், தடித்த உதடு, எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டிருக்கும் சுபாவம், அதனால்தான் முயல் பட்டம். கடையில் நீங்கள் பார்த்த மஞ்சள் உடம்பும் கறுப்பு வெள்ளை முகமும் உள்ளது சிகானஸ் வல்பினஸ். மேற்கு பசிபிக் கடல்காரர், வளர்ந்தால் சுமார் 24 சென்டிமீட்டர். நம் கடலில் கிடைக்கும் சிகானஸ் ஜாவஸ் குட்டியில் அழகாக இருக்கும், ஆனால் அரை மீட்டர் வரை வளரக்கூடியது. பழவேற்காட்டிலிருந்து யாராவது உயிரோடு கொண்டுவந்து மலிவாகத் தருகிறேன் என்றால் ஆசைப்படாதீர்கள்.

இது எவ்வளவு தின்னும் என்பதற்கு இரண்டு சங்கதி. ராமநாதபுரம் கடற்கரையில் மூங்கில் மிதவையில் கடற்பாசி வளர்ப்பவர்கள் மிதவைக்கு அடியில் வலை கட்டுவார்கள். பாசி மேயும் மீன்கள் கீழிருந்து வந்து பயிரைக் கடித்துவிடாமல் இருக்கத்தான் அந்த வலை. அந்த மேய்ச்சல்காரர்களில் ஓராவும் உண்டு. இன்னொன்று வெளியூர்க் கதை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு செங்கடலின் இரண்டு ஓரா வகைகள் அந்த வழியாக மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்தன. இன்று அதன் கிழக்குப் பகுதியில் பாசிக்காடாக இருந்த பாறைகள் பல இடங்களில் வெறும் பாறையாக நிற்கின்றன. ஆகவே தின்னுமா என்ற சந்தேகமே வேண்டாம், தின்னும்.

தின்ற பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. உங்கள் கல்லில் இருக்கும் பாசி என்பது தண்ணீரில் கரைந்திருந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உடம்பெடுத்து நிற்பது. ஓரா அதை மேய்ந்து, கொஞ்சத்தைத் தன் உடம்பாக்கிக்கொண்டு, மிச்சத்தைச் சாணியாக அதே தண்ணீரில் போடுகிறது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், க்ளௌன் மீனின் எச்சம் கண்ணுக்கே தெரியாது, ஓராவின் எச்சம் நீளநீளமாக மிதக்கும். வயலில் மாட்டை விட்டால் புல் குறையும், ஆனால் எரு அங்கேயே விழும், அடுத்த மழைக்குப் புல் இன்னும் செழிப்பாக வரும். உங்கள் கொட்டகையில் வாசல் கிடையாது, எரு வெளியே போக நீங்கள்தான் வழி வைக்க வேண்டும். நல்ல ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவி), வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுவது, எச்சம் தேங்கும் மூலையை உறிஞ்சி எடுப்பது. இவை இல்லாமல் ஓரா விட்டால் முதல் மாதம் கல் பளிச்சென்று இருக்கும், நாலாம் மாதம் கண்ணாடியெல்லாம் பச்சையாகும்.

அப்புறம், எல்லாப் பாசியையும் அது தொடாது. நீங்கள் சொல்லும் முடிப்பாசியை, அதுவும் குட்டையாக இருக்கும்போது, விரும்பித் தின்னும். பச்சை முத்துப் போல உருண்டையாக வரும் குமிழ்ப்பாசியைச் சில ஓராக்கள் உடைத்துத் தின்னும், சில திரும்பியும் பார்க்காது. மணல்மேல் சிவப்பாக வழுவழுவென்று படர்வது பாசியே இல்லை, பாக்டீரியா. அதற்கு இந்த மீன் பிரயோஜனப்படாது.

இடம். மூன்றடிக்கு ஒன்றேகாலடிக்கு ஒன்றரையடி என்றால் மொத்தம் 160 லிட்டர். கல், மணல் போக 120, 130 நிற்கும். ஓரா நாளெல்லாம் நடந்து மேய்கிற பிராணி. அதற்கு நாலடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, அதாவது 450 லிட்டர் என்பது நான் ஒப்புக்கொள்ளும் கீழெல்லை. ஐந்தடி இருந்தால் மனசு ஆறும். மாடி வீடாக இருந்தால் ஒன்று கவனியுங்கள், தண்ணீர், கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து அரை டன்னைத் தாண்டும். உத்திரம் ஓடும் சுவரோரம் வையுங்கள், ஹால் நடுவில் வேண்டாம்.

இனி வெயில். நான் சத்துவாச்சாரியில் ஒன்பது வருஷமாக ஐந்தடித் தொட்டி வைத்திருக்கிறேன், அதில் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். இந்த மீனுக்கு 24 முதல் 27 டிகிரி வரை சுகம். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் 40-ஐத் தாண்டுவது வாடிக்கை. மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் மோட்டார், விளக்குச் சூடும் சேர்ந்தால் தொட்டித் தண்ணீர் 32, 33 வரை போகும். மீன் சூட்டில் வெந்து சாவதில்லை, மூச்சு முட்டித்தான் சாகும். நன்னீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே பிராணவாயு கரையும். அதே சூட்டில் கடல் நீரில் கரைவது 6.7 அளவுக்குத்தான். 32 டிகிரிக்குப் போனால் 6-க்கு வந்துவிடும். வாயு குறைகிற அதே நேரத்தில் மீனின் உடம்பு வேகமாக ஓடி அதிகம் கேட்கும். தங்கமீன் தொட்டி வைத்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் கணக்குத் தவறுகிறார்கள்.

சென்னை நண்பர்கள் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் எந்திரம் இல்லாமல் நினைக்கவே நினைக்காதே என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊருக்கு அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு, காய்ந்த காற்று. மண்பானைத் தண்ணீர் வேலூரில் ஜில்லென்று இருக்கும், திருவல்லிக்கேணியில் அதே பானை சும்மா ஈரமாக நிற்கும், இல்லையா? அதே சமாச்சாரம்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 400 லிட்டர் தொட்டியில் அது ஏறத்தாழ ஒன்றரை டிகிரி. மூடியை எடுத்துவிட்டு மேல்பரப்பில் சாய்வாக அடிக்கும்படி இரண்டு சின்ன டேபிள் ஃபேன் வைத்தால் மே மாதப் பகலில் என் தொட்டி அறையைவிட நாலு டிகிரி வரை கீழே நிற்கிறது. மூடி இல்லாவிட்டால் மீன் குதிக்கும், அதனால் கொசுவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறேன்.

இதற்கு விலை தண்ணீர். மே மாதத்தில் எனக்கு ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு லிட்டர் காணாமல் போகிறது. தண்ணீர்தான் போகும், உப்பு அப்படியே இருக்கும். ஆகவே குறைந்ததை நன்னீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போய், ஒரு மாதத்தில் தொட்டியை ஊறுகாய் ஜாடியாக்கியவரை எனக்குத் தெரியும். காலையில் ஒரு தரம், இரவில் ஒரு தரம் நிரப்புங்கள், அல்லது மிதவை வால்வு வையுங்கள். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.023-க்கும் 1.025-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஈரமாகி ஃபேன் வேலை செய்யாது, ஆனால் அப்போது வெயிலும் இல்லை. மார்கழியில் நம் ஊர் இரவு சென்னையைவிட நன்றாகவே குளிரும், தண்ணீர் 22-க்கு இறங்கும். அதற்கு ஒரு ஹீட்டர் வேண்டும். வேலூரில் ஹீட்டரா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சில்லர் வாங்கினால் ஸ்டாண்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள், தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு ஓடும். கரண்டு விஷயம் இன்னும் முக்கியம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு எடுத்தால் சாயங்காலம்தான் வரும். இன்வெர்ட்டரில் ஸ்கிம்மரையும் விளக்கையும் போட வேண்டாம், தண்ணீரைக் கலக்கும் வேவ்மேக்கர் ஒன்று ஓடினால் போதும். அதுவும் இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு. ஃப்ரீசரில் இரண்டு பாட்டில் தண்ணீர் எப்போதும் உறைந்து கிடக்கட்டும், மூடியோடு அப்படியே மிதக்கவிடலாம். ஒவ்வொன்றாக விடுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுச் சூட்டைத் தடாலென்று இறக்காதீர்கள்.

தண்ணீருக்கு வருவோம், உங்கள் பாசியின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் ஊரைத் தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று கேலி பேசுவார்கள். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைத் தோல் பதனிடும் தொழில் என்ன செய்தது என்பது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன வழக்கு. அந்த போர்த் தண்ணீரை மீன் தொட்டியில் ஊற்றச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. என் தெரு போரில், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 1,100 காட்டியது. கேன் தண்ணீர் அதைவிட மேல்தான், ஆனால் கேனுக்குக் கேன் மாறும். வீட்டு ஆர்.ஓ. எந்திரங்களில் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். குடிக்க நல்லது. ஆனால் அந்தக் கலவையோடு நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் உள்ளே வரும். தினமும் ஆவியானதை அதே தண்ணீரால் நிரப்புகிறீர்கள், இல்லையா? ஆவியாகிப் போவது சுத்தத் தண்ணீர், உள்ளே வருவது உரம் கலந்த தண்ணீர். எட்டு மாதத்தில் அது சேர்ந்துகொண்டே போயிருக்கும். ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்று மாட்டி, மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

உப்பும் அப்படித்தான். மளிகைக் கடைக் கல்லுப்பு கடலிலிருந்து வந்ததுதானே என்று கேட்கிறார்கள். உப்பளத்தில் கடல் நீர் காயும்போது சோடியம் குளோரைடு முன்னதாகவே படிகமாகிவிடும், மக்னீசியமும் பொட்டாசியமும் கசப்பு நீரில் தங்கிப் போகும். கல்லுப்பைக் கரைத்தால் கடல் வராது, உப்புத் தண்ணீர்தான் வரும். மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும், 400 லிட்டருக்கு ஏறக்குறைய 15 கிலோ.

இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாத ஒன்று. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த உயிர்ப்பாறை (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியிருக்கும் கடல்கல்) என்று யாராவது பவளக்கல் விற்றால் தொடாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, புலிக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. பீங்கான் கல்லும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நாலைந்து வாரத்தில் பாக்டீரியா குடியேறிவிடும்.

விஷம். இதன் முட்கள் மொத்தம் 24. முதுகில் 13, பின்புறம் அடித்துடுப்பில் 7, இரண்டு வயிற்றுத் துடுப்பிலும் இரண்டிரண்டாக 4. எல்லாவற்றிலும் விஷம் உண்டு. தேடிவந்து குத்தும் மீன் இல்லை, பயந்தால் முட்களை விரித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். நாமாகப் போய்க் கையைக் கொடுத்தால்தான் உண்டு. நான் கொடுத்தேன். முதல் ஓரா வந்த மூன்றாம் நாள் இரவு, தண்ணீர் குடிக்க எழுந்து தொட்டியில் டார்ச் அடித்தேன். மஞ்சள் மீனைக் காணோம். கல்லோரமாகப் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக ஏதோ சாய்ந்து கிடந்தது. செத்து அழுகிவிட்டது என்று நினைத்துக் கையை விட்டேன். அது தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கும்போதும் பயந்தாலும் இந்த மீன் நிறத்தைக் கழற்றி வைத்துவிடும், விளக்கு போட்டால் சில நிமிஷத்தில் திரும்ப மஞ்சள். இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

கட்டைவிரல் அடியில் இறங்கியது. தேள் கொட்டிய மாதிரி முழங்கை வரை கடுத்தது. அத்தை எழுந்துவந்து சுண்ணாம்பு தேடினார்கள், நான் வெந்நீர் கேட்டேன். இந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். கை பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரியில், முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைக்க வேண்டும், ஆற ஆறச் சூடு சேர்க்க வேண்டும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, மற்றக் கையால் பார்த்துவிட்டு முக்குங்கள், இல்லாவிட்டால் வெந்துபோகும். எனக்கு ஒரு மணி நேரத்தில் அடங்கியது. முள் உள்ளே ஒடிந்திருந்தால், வீக்கம் ஏறிக்கொண்டே போனால், மூச்சுத் திணறினால் வெந்நீரை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தொட்டி மூடிக்குப் பூட்டு வையுங்கள்.

தீனி. கல்லில் பாசி தீர்ந்ததும் பட்டினி போட்டால் பவளம் இருப்பவர்களின் பவளத்தைக் கொறிக்கும், இல்லாவிட்டால் வயிறு ஒட்டி, தலையோரம் தோல் அரித்துக் குழி விழும். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேராத நோரி என்கிற காய்ந்த கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டித் தினமும் தொங்கவிடுங்கள். தாள் தீர்ந்தால் இன்னொன்று. காயவைத்த கஞ்சிப்பாசி கிடைத்தால் ஊறவைத்துக் கொடுக்கலாம், அதன் சொந்த ஊர்ச் சாப்பாடு மாதிரி. பாலக்கீரையை வெந்நீரில் வாட்டிப் போட்டால் தின்னும், ஆனால் அது பசிக்குத்தான், சத்துக்கு இல்லை. வாரத்தில் இரண்டு நாள் கொஞ்சம் இறால் துணுக்கும் சேரட்டும்.

ஜோடியாக வாங்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. கடலில் இவை ஜோடி சேர்ந்து திரிபவை. ஒன்று தலையைக் குனிந்து பாறை இடுக்கில் மேயும்போது மற்றது தலை நிமிர்ந்து காவல் நிற்கும், பிறகு முறை மாற்றிக்கொள்ளும். ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் இதைப் பார்த்து 2015-இல் எழுதியிருக்கிறார்கள். படிக்கவே அழகு. ஆனால் கடையில் கண்ட இரண்டைப் பிடித்து ஒரே தொட்டியில் விட்டால் அது ஜோடியாகாது, சண்டைதான். ஒன்றே போதும்.

ஆகவே இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, தொட்டித் தண்ணீர் இருக்கும் வாளியில் வைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பாசியை வெளியே கொட்டுங்கள். அப்படிக் கையால் எடுக்கும் பாசியோடு உரமும் வீட்டை விட்டுப் போகிறது. விளக்கை எட்டு மணி நேரத்துக்குக் குறையுங்கள். தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

அதற்குப் பிறகும் ஃபாக்ஸ்ஃபேஸ் மேல் ஆசை இருந்தால், நாலடித் தொட்டி ஒன்று போட்டு, தண்ணீர் பக்குவமான பின் தை, மாசியில் வாங்குங்கள், சித்திரையில் வேண்டாம். கடையில் நோரி கொடுத்து அது தின்பதைக் கண்ணால் பாருங்கள், வயிறு ஒட்டியதை எடுக்காதீர்கள். சென்னையிலிருந்து நமக்கு 140 கிலோமீட்டர், காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். முள் பையைக் குத்திவிடும் என்பதால் இரட்டைப் பை, ஆக்சிஜன் அடித்து, தெர்மோகோல் பெட்டியில், விடியற்காலைப் பயணம். வீட்டுக்கு வந்து பையைத் திறந்துவிட்டால் அப்புறம் தாமதம் கூடாது. உள்ளே அடைந்திருந்த கரியமில வாயு வெளியேறியதும் தண்ணீரின் பி.எச். ஏறி, சும்மா கிடந்த அம்மோனியா விஷமாகிவிடும். ஆகவே பையை மூடியபடியே பதினைந்து நிமிஷம் மிதக்கவிட்டு, திறந்ததும் உப்பு அடர்த்தியைச் சரிபார்த்து, சுருக்காகத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். பைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. வெண்புள்ளி நோய் வராமல் இருக்க, 72 மணி நேரத்துக்கு ஒரு தரம் என்று நாலு முறை சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றி, பிறகு பெரிய தொட்டியில் விடுங்கள். மாற்றும்போது வலை வேண்டாம், முள் சிக்கிக்கொண்டு மீனுக்கும் வலி, உங்களுக்கும் வலி. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும், டப்பாவைச் சாய்த்துப் பிடித்தால் அதுவே உள்ளே வந்து நிற்கும்.